ஊவா மலைநாட்டில் பழைய கார்களும் அவற்றைப் பேணிய கைகளும்

இலங்கையின் மோட்டார் வாகன வரலாறு பெரும்பாலும் இறக்குமதியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த நாட்டுக் கார் எப்பொழுது கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கியது, எந்த வணிக நிறுவனம் அதற்கு முகவராக இருந்தது, எந்தப் பிரமுகர் அதனை முதலில் வாங்கினார் என்பனவே அவ்வரலாற்றில் இடம்பெறும் செய்திகள். ஆயின், ஒரு கார் புதிதாக இருக்கும் காலம் சில ஆண்டுகளே. இலங்கையில் அது பழையதாக ஓடிய காலமோ முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அந்த நீண்ட காலத்தில் அதனை ஓடவைத்தவர்கள் யாவர், எந்த அறிவைக் கொண்டு ஓடவைத்தனர் என்னும் வினாக்களுக்கு எழுத்திலே விடை காண்பது அரிது. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் களமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் பாதையும்

1886இல் தனி மாகாணமாக்கப்பட்ட ஊவாவின் தலைநகரமாகிய பதுளை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில், நமுனுகுலை மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. பண்டாரவளை ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலும் அப்புத்தளை 4,700 அடி உயரத்திலும் இருக்கின்றன. தெற்கே வெல்லவாயவோ 600 அடியளவான தாழ்நிலம். வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தை, பெரகலை வழியாக அப்புத்தளைக்கு ஏறும் வாகனம், ஒரே பயணத்தில் நாலாயிரம் அடிக்கு மேல் உயரவேண்டியதாகும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, வெலிமடை ஆகிய திசைகளிலே செல்லும் பாதைகளும் ஏற்றமும் இறக்கமும் கொண்டைவளைவுகளும் நிறைந்தனவே.

புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தபோதிலும் பதுளையை வந்தடைந்தது 1924இலேயாகும். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் பதுளைக்கும் அதற்கு அப்பாலுள்ள தோட்டங்களுக்கும் மாட்டுவண்டியும் குதிரையும், பின்னர் மோட்டார் வாகனமுமே துணையாயின. புகையிரதம் வந்த பின்னரும் தோட்டத்துக்கும் நிலையத்துக்குமிடையே உள்ள மலைப்பாதை எஞ்சியே நின்றது. எனவே, நகரவாசிக்கு வசதிப் பொருளாக இருந்த மோட்டார் கார், ஊவாவிலே தொழிலின் தேவையாக அமைந்தது எனலாம். தோட்டத்துரை, மருத்துவர், வணிகர், வசதி படைத்த பெரிய கங்காணி ஆகியோர் அதன் முதல் உரிமையாளராயினர். அவர்கள் கைவிட்டவை வாடகைக் கார்களாகி இரண்டாம் வாழ்வு பெற்றன. ஹம்பர், வொக்ஸோல், ஒஸ்ரின் முதலிய பிரித்தானிய சலூன்களும், பிளிமத், செவ்றலே போன்ற அமெரிக்கப் பெருங்கார்களும் அவற்றுட் சில. வேகத்தினும் அவற்றின் இடவசதியே இங்கு பெரிதும் மதிக்கப்பட்டது. லயத்திலிருந்து நோயாளி ஒருவரைப் படுக்கவைத்துப் பதுளை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லப் பெரிய சலூனின் பின்னிருக்கை உதவியதுபோல வேறெதுவும் உதவவில்லை. அந்நிலையில், கார் வழியில் நின்றுவிடாமை உயிரோடு சம்பந்தப்பட்ட விடயமாயிற்று.

தொழிற்சாலை என்னும் பள்ளி

கொழும்பிலிருந்த பெரிய பட்டறைகள் ஊவாவுக்குத் தொலைவானவை. சிறு பழுதுக்காக ஒரு காரை அங்கு அனுப்புதல் இயலாதது. ஆயினும், பழுதுபார்க்கும் அறிவுக்குரிய ஒரு களம் மலைநாட்டிலே ஏற்கெனவே இருந்தது. அதுவே தேயிலைத் தொழிற்சாலை.

கொய்த கொழுந்து அன்றன்றே பதப்படுத்தப்பட வேண்டுமாதலின், பெருந்தோட்டங்கள் தமக்கெனத் தொழிற்சாலைகளைக் கொண்டிருந்தன. கொழுந்தை உருட்டும் இயந்திரம், உலர்த்தும் அடுப்பு, தூளைச் சலிக்கும் இயந்திரம் என்பன நீர்ச் சில்லினாலோ எண்ணெய் எஞ்சினாலோ இயக்கப்பட்டன. கூரைக்குக் கீழே ஓடிய நீண்ட தண்டிலிருந்து தோற்பட்டிகள் வழியாக ஒவ்வோர் இயந்திரத்துக்கும் விசை சென்றது. கொழுந்து குவிந்துகிடக்கும் நாளில் எஞ்சின் நின்றால் ஒரு நாளைய கொழுந்தே பாழாகும். ஆகவே, ஓசையைக் கேட்டே தேய்வை உணர்தல், வெள்ளையீயத்தை உருக்கித் தாங்கிகளை வார்த்தல், கடைசல் இயந்திரத்திலே ஒரு புதிய உறையைக் கடைந்தெடுத்தல் முதலிய நுட்பங்கள் தொழிற்சாலைப் பிற்றர்களுக்குக் கைவந்த கலைகளாயின. அவர்களுட் பலர் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலே பிறந்த தமிழர். பொறியியற் சான்றிதழ் எதனையும் அவர்கள் பெற்றிருக்கவில்லை. பழைய மோட்டார் எஞ்சினும் அதே விதிகளுக்குக் கட்டுப்பட்டதாதலின், தொழிற்சாலையிற் பெற்ற அறிவு துரையின் காருக்கும், பின்னர் நகரத்துக் கராஜுக்கும் இலகுவிற் பெயர்ந்தது.

இவர்களைப் 'பாஸ்' என அழைப்பது வழக்கமாயிற்று. தொழில் தலைவனைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல் சிங்களத்திற் புகுந்து, மலையகத் தமிழிலும் கைவினைஞனைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாக நிலைத்தது. பாஸின் கீழ் வேலை பழகிய சிறுவனும், சாரதியோடு பயணஞ்செய்த கிளீனரும் இவ்வறிவின் மாணாக்கர். ஏற்றத்திற் கார் நின்றால் இறங்கிச் சில்லுக்குக் கல்வைப்பது கிளீனரின் முதற்பாடம். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதை அறிந்துவைத்தல் இரண்டாம் பாடம்.

நோயும் மருந்தும்

மலைநாட்டிற் கார்களுக்கு நேர்ந்த சிறு பழுதுகள் தற்செயலானவை அல்ல. அவற்றுட் பெரும்பாலானவை உயரம், ஈரம், சரிவு என்னும் மூன்று காரணங்களுள் அடங்குவன.

முதலாவது உயரம். மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைகின்றது. அப்புத்தளையின் உயரத்தில் எஞ்சின் தன் வலிமையில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கை இழக்கின்றது. காற்றுக் குறையவே காபுரேற்றர் தரும் கலவையிற் பெற்றோலின் விகிதம் மிகும், பிளக்குகள் கரிபடியும், எஞ்சின் திணறும். அவ்வுயரத்தில் நீர் 95 பாகை சென்ரிகிரேட்டிலேயே கொதிக்கின்றது. தாழ்நிலத்தில் வெப்பத்தைத் தாங்கிய றேடியேற்றர் மலையுச்சியை அணுகும்போது கொதித்துப் பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மூடியின் சுருள்வில் தளர்ந்திருந்தால் அமுக்கம் குறைந்து நீர் இன்னும் விரைவிற் கொதிக்கும். அவ்வேளையில் மூடியை உடனே திறப்பவனின் கை வெந்துபோகும். சூடேறிய எஞ்சினிற் குளிர்நீரை ஊற்றினால் அதன் வார்ப்பிரும்பு வெடிக்கவுங்கூடும். எஞ்சினை ஆறவிட்டு, சாக்குத்துணியால் மூடியைப் பொத்திச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, பின்பு எஞ்சினை மெல்ல ஓடவிட்டுக்கொண்டே நீர் வார்ப்பதே முறை.

உயரமும் வெப்பமும் சேர்ந்து விளைவிக்கும் மற்றொரு நோய், பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாதல். பம்ப் ஆவியை உறிஞ்சுமேயன்றித் திரவத்தைத் தள்ளாது. ஏற்றத்தின் நடுவே கார் காரணமின்றி நின்றுவிட்டதுபோலத் தோன்றும். எஞ்சினின் பக்கத்தே பொருத்தப்பட்ட பம்புடைய கார்களில் ஈரத்துணியைப் பம்பின் மேலும் குழாயின் மேலும் சுற்றிச் சில நிமிடங்கள் காத்திருப்பதே மருந்து. மொறிஸ் மைனர் போன்று மின்பம்புடைய கார்களில் நோய் வேறு: பம்பின் உள்ளேயுள்ள தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளும். ஸ்பனரால் மெல்லத் தட்டினால் 'டிக் டிக்' என்னும் ஓசை மீண்டும் எழும். அறியாதவர்க்கு மந்திரம் போலத் தோன்றும் இச்செயல், பம்பின் அமைப்பை அறிந்தவர்க்கு நேரிய சிகிச்சையே.

இரண்டாவது ஈரம். வாடைக்காற்றுப் பருவத்தில் ஊவாவின் மலைகளை மழையும் மூடுபனியும் சூழ்கின்றன. இரவு வெளியே நின்ற காரின் டிஸ்றிபியூற்றர் மூடிக்குள் ஈரம் படிந்தால், பிளக்குகளுக்குச் செல்லவேண்டிய உயர்மின் மூடியின் மேற்பரப்பிலேயே கசிந்துவிடும். உலர்ந்த துணியால் மூடியின் உட்புறத்தையும் கம்பிகளையும் துடைத்தல், பிளக்குகளைக் கழற்றிச் சூடாக்கி மீண்டும் பூட்டுதல் என்பன விடியற்காலைக் காட்சிகளாயின. தொடுமுனைகள் கருகியிருந்தால் மெல்லிய அரத்தால் உரசி இடைவெளியைச் சரிசெய்வர். பிரித்தானியக் கார்கள் பலவற்றில் அவ்விடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்திற் பதினைந்து பங்கு. அளவுத்தகடு இல்லாதவிடத்துத் தடித்த அட்டைத்துண்டு ஒன்றே அளவுகோலாயிற்று. யூலை தொடக்கம் செப்டெம்பர் வரையிலான கச்சான் காலத்திலோ நிலைமை தலைகீழாகும். ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் ஈட்டிக்கொடுக்கும் அதே வறண்ட காற்று, தூசியை வாரிக் காற்றுவடியிலும் றேடியேற்றரின் இடுக்குகளிலும் அடைக்கும்.

மூன்றாவது சரிவு. ஏற்றத்தினும் இறக்கமே கொடியது. பழைய கார்களின் பீப்பாய்வடிவப் பிறேக்குகள் நீண்ட இறக்கத்தில் ஓயாது மிதிக்கப்படின் சூடேறிப் பிடியிழக்கும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது சாரதிகளின் பாலபாடம். சரிவு தரும் உதவியும் ஒன்றுண்டு. பற்றரி நலிந்த காரை இறக்கத்தை நோக்கி நிறுத்திவைத்தால், காலையில் அதனை உருளவிட்டுக் கிளச்சை விடுவித்து எஞ்சினை எழுப்பலாம். வீட்டு வாசலைவிட வீதியின் சரிவைப் பார்த்துக் கார் நிறுத்தும் வழக்கம் இவ்வாறு எழுந்ததே.

இச்செயல்களுக்கெல்லாம் அடிப்படையாக ஓர் ஒழுங்கு இருந்தமை குறிப்பிடத்தக்கது. எஞ்சின் நின்றவுடன் எதனையும் கழற்றுவதில்லை. முதலில் ஒரு பிளக்கின் கம்பியை இரும்பின் அருகே பிடித்துத் தீப்பொறி வருகின்றதா எனப் பார்த்தல். அடுத்துக் காபுரேற்றருக்குச் செல்லும் குழாயைத் தளர்த்திப் பெற்றோல் வருகின்றதா எனப் பார்த்தல். தீப்பொறி இல்லையேல் மின்வழியையும், பெற்றோல் இல்லையேல் எரிபொருள் வழியையும் பின்னோக்கி ஆராய்தல். திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கும் இதுவே. ஏட்டறிவு குறைந்தோரின் கைப்பழக்கம் என்று இதனைப் புறந்தள்ளுவது பொருந்தாது. கருதுகோளை அமைத்து, சோதித்து, விலக்கி, எஞ்சியதைக் காரணமெனக் கொள்ளும் ஆய்வுமுறை இதனுள் முழுமையாக அமைந்துள்ளது.

பஞ்சத்தின் காலம்

1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடி இவ்வறிவின் மதிப்பைப் பன்மடங்கு உயர்த்தியது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1967 நவம்பரில் ரூபாவின் மதிப்பு 20 வீதம் குறைக்கப்பட்டது. 1968இல் அறிமுகமான அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை, அத்தியாவசியமல்லாத இறக்குமதிகளின் விலையை முதலில் 44 வீதத்தாலும் பின்னர் 65 வீதத்தாலும் உயர்த்தியது. 1973இன் இறுதியில் உலக எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காகியது. தோட்டப்புறங்களிற் பட்டினி தலைவிரித்தாடிய ஆண்டுகளும் இவையே. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாக, வெளிநாட்டுத் துரைமார் வெளியேறினர்.

புதிய காரும் புதிய உதிரிப்பாகமும் அரிதாகிய இக்காலத்திற் பழைய கார் தன் விலையை இழக்கவில்லை. மாறாக, அது உயர்ந்தது. உடைந்த வில்தட்டுக்கு லொறியின் பழைய வில்லைக் கொல்லுலையிற் காய்ச்சி வளைத்தனர். தக்கையிலும் தடித்த அட்டையிலும் இணைப்பிதழ்களை வெட்டினர். தேய்ந்த ரயருக்குப் புது இறப்பர் வார்த்தனர். பிறேக்கின் உராய்பட்டையைப் பெயர்த்துப் புதியதைத் தறைந்தனர். பெற்றோலை உறிஞ்சும் பெருங்கார்களிலே டீசல் எஞ்சினைப் பொருத்தினர். சிலர் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர்.

எந்தக் காரின் உறுப்பு எந்தக் காருக்குப் பொருந்தும் என்னும் அறிவு இக்காலத்திற் பெருஞ் செல்வமாயிற்று. 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே நிறுவனமாக இணைந்தமையால், வெவ்வேறு பெயர்தாங்கிய பல கார்கள் ஒரே வகை எஞ்சினைக் கொண்டிருந்தன. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரின் 1,489 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், இந்தியாவில் மொறிஸ் ஒக்ஸ்பேட்டின் வழியில் உருவாகிய அம்பாசடரின் எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இங்கிலாந்து கைவிட்ட இவ்வெஞ்சின் இந்தியாவிற் பல்லாண்டு தொடர்ந்து உற்பத்தியாகியது. 1961இற் சென்னை பாடியில் நிறுவப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை பிரித்தானிய லூகாஸ் வகை மின்னுறுப்புகளை ஆக்கியது. இவ்வுறவுகளைப் பாஸ்மார் எந்தப் பட்டியலிலும் படித்தறியவில்லை; உறுப்புகளை அருகருகே வைத்து அளந்தே அறிந்துகொண்டனர்.

இக்காலத்தைப் பொற்காலமெனப் புகழ்வது தவறாகும். மாற்றுப்பொருள் யாவும் நற்பொருள் அல்ல. மண்ணெண்ணெய் எரியாது சிலிண்டரின் சுவர்வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச்செய்தது. தாங்கிகள் விரைவிலே தேய்ந்தன. கழுவிப் பூட்டிய பழைய இறப்பர் கிண்ணம் வீட்டு வாசலிற் பிறேக்கைப் பிடிக்கும். பெரகலை இறக்கத்தில் அது கைவிடாதென்பதற்கு உறுதியில்லை. சிறந்த பாஸ் ஒருவரை ஏனையோரிலிருந்து வேறுபடுத்தியது, எதனைச் சமாளிக்கலாம், எதனைச் சமாளிக்கக்கூடாது என்று அறிந்த விவேகமே. எஞ்சினிற் செய்யத்தக்க சிக்கனத்தைப் பிறேக்கிலும் சுக்கான் இணைப்பிலும் செய்யலாகாது என்பது அத்தொழிலின் எழுதப்படாத அறம்.

கலைந்த கைகள்

இவ்வறிவைத் தாங்கியோரின் நிலையோ உறுதியற்றதாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் சமமாகப் பிரித்தது. 1984இல் தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றுபோகுமுன் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்தனர். உரிமையாளரின் கார் இந்நாட்டிற் பதிவு பெற்றிருக்க, அதனை ஓடவைத்தவனின் பெயர் எந்த நாட்டுப் பதிவேட்டிலும் இல்லாதிருந்தமை இவ்வரலாற்றின் கசப்பான முரணாகும். 1983 யூலையிற் பதுளை நகரிலே தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது மேலும் பலர் ஊரைவிட்டு அகன்றனர்.

பொருளாதார மாற்றமும் இத்திசையிலேயே இயங்கியது. 1977 நவம்பரில் இறக்குமதி தளர்த்தப்பட்டதும் யப்பானியக் கார்கள் பெருகின. அவை சிக்கனமானவை, நம்பகமானவை. உரிமையாளர் அவற்றை விரும்பியதிற் குறைகாண இடமில்லை. உறுப்பைச் செப்பனிடுவதினும் மாற்றுவது மலிவாயிற்று. பின்னர் மின்னணுக் கட்டுப்பாடு வந்தபோது, ஓசையைக் கேட்டு நோயறிந்த காதுக்கும் அட்டைத்துண்டால் இடைவெளி அளந்த விரலுக்கும் வேலை குறைந்தது.

எனினும், வரலாறு ஒருமுறை திரும்பிப் பார்த்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேயாகும். 2022இல் எரிபொருள் அருகி, யூலையில் அறிமுகமான அனுமதி அட்டைமுறை தொடக்கத்திற் கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றரே வழங்கியது. அவ்வாண்டுகளிற் பழைய கார்களின் விலை ஏறியது. பழைய பட்டறைகளின் கதவுகள் மீண்டும் தட்டப்பட்டன. ஆயின், அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒவ்வொரு மலையடிவாரத்திலும் இருந்த கைகள் இப்பொழுது இல்லை. வாழ்வோரும் முதுமை எய்திவிட்டனர்.

மலையகத்தின் வரலாற்றை எழுதுவோர் தொழிலாளரைக் கூலி, குடியுரிமை, வாக்குரிமை என்பவற்றின் வழியே நோக்கியது தவிர்க்கமுடியாததும் நியாயமானதுமாகும். ஆனால், அவர்களைத் துன்பப்பட்டோராக மட்டும் காண்பது, அவர்கள் அறிந்தோராகவும் இருந்தனர் என்பதை மறைத்துவிடுகின்றது. தொழிற்சாலைப் பிற்றர், கராஜ் பாஸ், வாடகைக் கார்ச் சாரதி, கிளீனர் ஆகியோரின் நினைவுகளையும், அவர்கள் வழங்கிய தொழிற்சொற்களையும் கேட்டுப் பதிவுசெய்யும் பணி பல்கலைக்கழக மாணவரால் இலகுவில் தொடங்கத்தக்கது. பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் அதற்குரிய முதியோர் சிலர் இன்னும் உளர். பணிக்கு எஞ்சியுள்ள காலம் மட்டும் நீண்டதன்று.